பழைய சிபியூவைத் தூக்கிப் போடாதீர்கள், லினக்ஸ் மின்ட் போடுங்கள்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். கானாடுகாத்தானில் எங்கள் ஆயா வீட்டில் இருப்பதோ 3ஆம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். அந்தச் சோதனைகளைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றவும் வழி இருக்கிறது, ஆனால் அப்டேட் வருமென்று உறுதி கிடையாது, 4 ஜிபியில் திணறும். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட், அதிலும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, இதே மெஷினில் நிம்மதியாக ஓடுகிறது. 64 பிட் பிராசஸர் மட்டும் இருக்க வேண்டும்.

கடைக் கணக்கு டாலியில் ஓடுகிறதென்றால் அந்தக் கம்ப்யூட்டரில் இதைச் செய்யாதீர்கள், டாலி விண்டோஸுக்கானது.

முதலில் சிபியூவைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். நம்ம ஊர்ச் செம்மண் புழுதி, பிராசஸரின் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க்கில் கம்பளி மாதிரி அப்பியிருந்தது, பெயின்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தேன். அப்படியே மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். ஆயா வீட்டில் எந்த இணையதளமும் திறக்காமல் சர்டிபிகேட் எரர் வந்துகொண்டே இருந்தது, ரவுட்டரைத்தான் ஒரு மணி நேரம் நோண்டினேன், கடைசியில் பார்த்தால் பேட்டரி செத்து, கடிகாரம் 2012 ஜனவரியில் நின்றிருந்தது. தேதி தப்பென்றால் தளங்களின் சர்டிபிகேட்டைப் பிரவுசர் ஏற்காது.

செலவு செய்வதாக இருந்தால் முதல் காசை ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் போடும் வேகமான எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள். 240 ஜிபி சாட்டா போதும், பழைய ஹார்டு டிஸ்க்கின் கேபிள்களே அதில் பொருந்தும். ரேம் அதற்கு அப்புறம்தான்.

போட்டோ, பத்திர ஸ்கேன், கல்யாண வீடியோ எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் எடுத்து, அது திறக்கிறதா என்று வேறொரு கம்ப்யூட்டரில் பாருங்கள். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்த பழைய கடிதங்கள் இருந்தால் அந்த ஃபான்ட் ஃபைலையும் சேர்த்து எடுங்கள், இல்லையென்றால் மின்டில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும்.

சரி, இனி இன்ஸ்டால். மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற இன்ஸ்டால் ஃபைலை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை வைத்து 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கான கீயை அழுத்துங்கள், டெல்லில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9. பென்டிரைவிலிருந்தே மின்ட் திறக்கும், டிஸ்க்கை இன்னும் தொட்டிருக்காது. இங்கே அவசரப்படாதீர்கள்: சவுண்டு, பிரின்டர், கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வைஃபை வரவில்லையென்றால் மின்டைக் குறை சொல்லும் முன் சுவரைப் பாருங்கள். ரவுட்டர் இரண்டாம் கட்டில், கம்ப்யூட்டர் முகப்பில் என்றால் நடுவில் இருக்கும் சுவர்களைத் தாண்டி சிக்னல் வராது, லேன் கேபிள்தான் இழுக்க வேண்டும், நானும் அதைத்தான் செய்தேன். எல்லாம் சரியென்றால் டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானைத் திறந்து, முழு டிஸ்க்கையும் அழிக்கச் சொல்லி, பாட்டு, வீடியோ ஓடத் தேவையான மல்டிமீடியா கோடெக்கை டிக் செய்துவிடுங்கள். யுபிஎஸ் இல்லாமல் இதை ஆரம்பிக்க வேண்டாம்.

தமிழ் டைப்பிங்கிற்கு இன்புட் மெத்தட் செட்டிங்கில் தமிழை இன்ஸ்டால் செய்து, லாக்அவுட் செய்து வந்து, ஐபஸ் என்ற டைப்பிங் கருவியில் தமிழ்99 கீபோர்டைச் சேர்த்துவிடுங்கள். அப்புறம் ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, பெரியவர்கள் கையில் கொடுக்கும் முன் கீழே இருக்கும் பேனலின் உயரத்தைக் கூட்டி ஐகான்களைப் பெரிதாக்குங்கள். ஆயாவுக்கு ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றை மட்டும் வைத்தேன், சிங்கப்பூரில் இருக்கும் மாமாவோடு வீடியோவில் பேச அது போதும்.