மத்தியானம் பொமெலோ, ராத்திரி மாத்திரை: நொதிக் கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

சீனப் புத்தாண்டு முடிந்த வாரம் சிங்கப்பூர் தோ பாயோவில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த பொமெலோவை உரித்துக்கொண்டிருந்தவர், "கொழுப்பு மாத்திரை ராத்திரிதானே போடறேன், இதை மத்தியானம் சாப்பிட்டா என்ன?" என்றார். மாத்திரை சிம்வாஸ்டாட்டின்.

பலரும் போடும் தப்புக் கணக்கு இது. சிம்வாஸ்டாட்டினைச் சிதைப்பது, குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கும் சிஒய்பி3ஏ4 என்ற நொதி (என்சைம்). கிரேப்ஃப்ரூட், பொமெலோ இரண்டிலும் ஃபியூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. குடலில் உள்ள நொதி அவற்றையும் வழக்கம்போல உடைக்கப் பார்க்கும். பாதியில் உருவாகும் துண்டு நொதியிலேயே ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும். பூட்டுக்குள் சாவி முறிந்த கதைதான். பூட்டையே மாற்ற வேண்டும். குடல் புது நொதியைச் செய்து முடிக்க ஒன்றிலிருந்து மூன்று நாள்கூட ஆகலாம். அதுவரை மாத்திரை அதிகமாக ரத்தத்தில் ஏறும், தசை பாதிக்கப்படும் அபாயமும் கூடும். இது தற்செயலாகத் தெரியவந்த விஷயம். கனடாவில் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையையும் மதுவையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள், மதுவின் சுவையை மறைக்க கிரேப்ஃப்ரூட் சாறு கொடுத்தார்கள்; மருந்தளவு எகிறியது. 1989இல் அதை வெளியிட்டார்கள்.

எல்லாத் தடையும் இப்படி நீடிப்பதில்லை. பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல் மருந்து, நொதியின் நடுவில் இருக்கும் இரும்பணுவைப் பற்றிக்கொள்ளும். ரத்தத்தில் அதன் அளவு குறையக் குறைய விட்டுவிடும்.

சரி, நொதி தடைபட்டால் மருந்தின் வேலை எப்போதும் கூடுமா? இல்லை. இதய நோயாளிகள் சாப்பிடும் குளோபிடோக்ரெல், உடலுக்குள் மாற்றப்பட்ட பிறகுதான் வேலை செய்யும். அதில் முக்கியப் பங்கு சிஒய்பி2சி19 நொதிக்கு. வயிற்றெரிச்சலுக்குப் போடும் ஓமெப்ரசோல் அந்த நொதியைத் தடுப்பதால், ரத்தம் உறைவதைத் தடுக்கும் பலன் குறையக்கூடும். என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான், ஏனென்றால் வெளியே எதுவும் தெரியாது.

ஒரு மருந்து நொதியில் ஒட்டினாலே அதைத் தடுக்கும் என்பதும் சரியில்லை. சிஒய்பி3ஏ4இல் மருந்து வந்து உட்காரும் குழி பெரியது, ஒரே நேரத்தில் இரண்டு மூலக்கூறு உட்காரலாம். சில வேளை ஒன்று மற்றதன் சிதைவை வேகப்படுத்தும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் வேறு வழியில் போகிறது: செல்லுக்குள் மருந்தை உணரும் ஓர் ஏற்பிப் புரதத்தைத் தூண்டி, நொதியையே கூடுதலாகச் செய்ய வைக்கிறது. அந்த விளைவு முழுமையாக வர ஒன்றிரண்டு வாரம் ஆகும். மருந்தை நிறுத்திய பிறகு அடங்கவும் ஏறத்தாழ அவ்வளவு நாள் வேண்டும்.

சித்தப்பா மாத்திரையைத் தானாக நிறுத்தவில்லை, பழத்தை மூடி வைத்தார். மறுநாள் பலதுறை மருந்தகத்தில் மருந்தாளரிடம் கேட்டோம். பொமெலோவை விட முடியாதென்றால், சிஒய்பி3ஏ4ஐ அதிகம் நம்பாத ரோசுவாஸ்டாட்டின் என்ற வேறொரு கொழுப்பு மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசுங்கள் என்றார்.