மலச்சிக்கலுக்கு இசப்கோல்: எனக்குப் பலன் தந்த முறை

பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; மலம் அங்கே தங்கத் தங்க இறுகிப்போகும். எனக்குக் கைகொடுத்தது இசப்கோல் உமி, அதாவது தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்கும் ஒரு விதையின் மேல்தோல். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு டீஸ்பூனில் தொடங்கி, பிறகு இரண்டாக்கினேன். எடுத்த எடுப்பிலேயே கூட்டினால் வயிறு உப்பும். 250 மில்லி தண்ணீரில் கலக்கியதும் குடித்துவிட வேண்டும். ஊறவிட்டால் கொழகொழவென்று கூழாகி இறங்காது. மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் கட்டாயம். அது குறைந்தால் மலச்சிக்கல் கூடத்தான் செய்யும். வெறும் உமியை வாயில் போடவே கூடாது, தொண்டையை அடைக்கும். மற்ற மாத்திரைகளுக்கு 2 மணி நேர இடைவெளி விடுங்கள். பலன் தெரிய 2, 3 நாள் பிடிக்கும். காலை டிபனுக்குப் பிறகு குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தை அடக்காதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு முக்காலி. ரத்தம், கறுத்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு என்றால் நேரே டாக்டரிடம்தான்.