பேய் தெரியும் பிள்ளையைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நள்ளிரவு பன்னிரண்டு மணி, ஜன்னல் தானாகத் திறக்கிறது, வெள்ளைப் புடவையில் ஒரு உருவம். பேய் தெரியும் பதின்வயதுப் பிள்ளையைப் பற்றி என் மேசைக்கு வரும் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. இளையோருக்கான கதைகளை வாசித்துத் திருத்தித் தருவது பல வருடங்களாக என் வேலை. எழுதுகிறவர்கள் அநேகமாகக் கல்லூரி வயதுக்காரர்கள். ஆசையோடு எழுதுகிறார்கள், கற்பனைக்கும் குறைவில்லை. ஆனாலும் ஒரே இடங்களில் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதைவகை என்பதால், அந்த இடங்களைச் சொல்லிவிடத் தோன்றுகிறது.

தமிழுக்கு இது புதிய கருவும் இல்லை. மணிமேகலையில் சார்ங்கலன் என்றொரு பையன் வருகிறான். காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டுக்குள் தெரியாமல் தனியாக நுழைந்துவிடுகிறான். அங்கே ஒரு பேய், பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடுவதைப் பார்க்கிறான். அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்து, பேய்க்கு உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செத்துப்போகிறான். அம்மா கோதமை அவன் உடலைத் தூக்கிக்கொண்டு போய் சம்பாபதி தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள். பேய் உயிரை எடுக்காது, இது அவன் வினை என்கிறது தெய்வம். அப்படியானால் என் உயிரை எடுத்துக்கொண்டு அவனைத் திருப்பிக் கொடு, பார்வையில்லாத என் கணவரை அவன் பார்த்துக்கொள்வான் என்கிறாள் கோதமை.

பேய் ஆடும் இடம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதன்பிறகு கதை கோதமையுடையது. நம் கைப்பிரதிகளில் இது தலைகீழாக இருக்கிறது. பேய்க்குப் பத்துப் பக்கம், அம்மாவுக்கு அரைப் பக்கம். நான் பார்க்கிற முதல் பெரிய தவறு இதுதான். அப்பாவை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், அம்மாவுக்கு இரவு வேலை கொடுத்துவிடுகிறார்கள், பிள்ளைக்குத் தனியறையும் பூட்டுப்போட்ட கதவும் தந்துவிடுகிறார்கள். நம் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குத் தனியறை இருக்கிறது? ஒரே மின்விசிறிக்குக் கீழே வரிசையாகப் பாய் விரித்துப் படுக்கிற வீடுதான் பலருக்கும். அந்த வீட்டுக்குப் பேயை வரச் சொல்லுங்கள். பக்கத்தில் தம்பி குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து, பேய் உட்கார்ந்திருக்கும் இடத்தைத் தாண்டிப் போகிறாள். பிள்ளை மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிறாள். பூட்டிய அறைக்குள் நடப்பதைவிட இது எவ்வளவு பயமாக இருக்கிறது!

மறுநாள் காலையில் அவள் சொல்லிவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "போனைப் பாத்துக்கிட்டே படுத்தா பேய் வராம என்ன வரும்?" என்று அம்மா எரிந்து விழுவாள். இரண்டு நாள் கழித்துத் திருநீறு வரும். பிறகு மந்திரித்த கயிறு, அப்புறம் கோடாங்கியின் உடுக்கைச் சத்தம். பொதுத்தேர்வு வேறு நெருங்குகிறது. இந்த வரிசையில் ஒவ்வொரு படியிலும் பிள்ளையின் தனிமை கூடிக்கொண்டே போகும். வாசிக்கிற பதினைந்து வயதுப் பெண்ணுக்குப் பேயைவிட அந்தத் தனிமைதான் நன்றாகப் புரியும். தான் சொல்வதை வீட்டில் யாரும் நம்பாத அனுபவம் அவளுக்கும் இருக்கிறதே.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய ஒரு விஷயம் வருகிறது. பிறருக்குத் தெரியாத உருவம் தெரிவதும், பிறருக்குக் கேட்காத குரல் கேட்பதும் மனநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அப்படிப்பட்ட சில நோய்கள் பதின்வயதின் பின்பாதியிலும் இருபதுகளிலும்தான் பெரும்பாலும் தலைகாட்டுகின்றன. அதாவது நம் வாசகர் வயதில். பல கதைகளில் மனநல மருத்துவர் ஒரு வில்லனாக வருகிறார். அவர் தரும் மாத்திரை பிள்ளையின் 'சக்தி'யை அழிக்கிறது, அவள் அதைத் துப்பிவிட்டு ஓடுகிறாள், நாம் கைதட்ட வேண்டும். தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பி ஓட முடியாமல் மாண்டார்கள். 28 உயிர்கள். பேய் பிடித்திருக்கிறது என்ற நம்பிக்கையில் சொந்தங்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்கள் பல. இது நடந்த மண்ணில் மருந்தை எதிரியாகக் காட்டுவது சின்ன விஷயம் இல்லை. மருத்துவர் நல்லவராக இருக்கட்டும். அவர் பிள்ளை சொல்வதைப் பொறுமையாகக் கேட்கட்டும், நோயா என்று சோதிக்கட்டும். அதன்பிறகும் பேய் அங்கே நிற்கட்டும். கதை கெட்டுவிடாது, இன்னும் இறுகும்.

இதைவிட எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. தற்கொலை செய்துகொண்ட தோழன் பேயாக வருகிற கதை. அவன் முன்பைவிட அழகாக இருக்கிறான், அமைதியாகப் பேசுகிறான், தன்னைக் காயப்படுத்தியவர்கள் அழுவதை அருகில் நின்று பார்க்கிறான், கதாநாயகி அவனைக் காதலிக்கவும் தொடங்குகிறாள். எழுதியவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, இழந்த ஒருவருக்காக ஏங்கித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் செத்தால் எல்லோரும் என்னைப் புரிந்துகொள்வார்கள், அதைப் பார்க்க நானும் இருப்பேன் என்ற எண்ணம் மனமுடைந்த ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். தேர்வு முடிவு வெளியாகும் வாரங்களில் நாம் படிக்கிற செய்திகளை மறந்துவிட முடியுமா? எப்படி இறந்தான் என்ற விவரம் வேண்டாம். சாவு எதையும் தீர்த்ததாக வர வேண்டாம். அவன் சொல்ல நினைத்தது சொல்லப்படாமலே போயிற்று என்பது கதையில் கனக்கட்டும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ஐ அச்சிடச் சொல்லி நான் ஒவ்வொரு முறையும் வற்புறுத்துகிறேன். அது எந்நேரமும் அழைக்கக்கூடிய இலவச எண்.

சரி, பேய்க்கு வருவோம். பேய்க்கு விதி வேண்டும். அது சுவரைத் தாண்டிப் போகும் என்றால் தரையில் எப்படி நிற்கிறது? அதன் குரல் எல்லோருக்கும் கேட்குமா? எல்லா ரகசியமும் அதற்குத் தெரியும் என்றால் பிள்ளைக்கு வேலையே இல்லை. முதல் அத்தியாயத்தில் பொருளைத் தொட முடியாத பேய், கடைசி அத்தியாயத்தில் வில்லனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். எழுதத் தொடங்கும் முன் ஒரு தாளில் நான்கு விதிகளை எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

இந்த விதிகளைவிடச் சுவையானது பேயின் காலம். ஒரு உதாரணம் சொல்கிறேன். ராமேஸ்வரத்தில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணுக்கு, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் இறந்த அவள் வயதுப் பையன் தெரிகிறான். நல்ல கரு. ஆனால் அந்தப் பையன் இன்றைய கல்லூரி மாணவன்போலப் பேசினால் எல்லாம் போச்சு. அவன் வாழ்ந்தது மெட்ராஸ் ராஜ்யத்தில். தமிழ்நாடு என்ற பெயர் 1969-இல்தான் வந்தது. அணா போய் நயா பைசா வந்தது 1957-இல் என்பதால், அவன் பாட்டி கடைசிவரை அணாக் கணக்கே சொல்லியிருப்பாள், அவன் இரண்டையும் கலந்து சொல்லுவான். அவனுக்குப் பெருமை என்றால் போட் மெயில்தான். சென்னையிலிருந்து ரயிலில் தனுஷ்கோடிவரை வந்து, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போகலாம். கடல்மேல் பேருந்து ஓடும் பாலத்தை அவன் பார்த்ததே இல்லை, அது 1988-இல் திறந்தது. பாம்பனில் அந்தப் பாலத்தின்மேல் நின்று அவன் வாயைப் பிளக்கிற ஒரு காட்சியை எழுதிப் பாருங்கள். அவன் யாரென்று நான்கு பக்கம் விளக்க வேண்டிய தேவையே இருக்காது. இடிந்த தேவாலயமும் ரயில் நிலையமும் இன்றும் அங்கே நிற்கின்றன, போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம்.

இதிலும் ஒரு எல்லை உண்டு. அந்தப் புயலில் பாம்பன் பயணிகள் ரயிலே அடித்துச் செல்லப்பட்டது, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அவர்களுடைய அண்ணன் தம்பிகள் இன்னமும் இருக்கக்கூடும். கற்பனையாக ஒரு பையனை உருவாக்கிக்கொள்ளுங்கள், நிஜப் பயணி ஒருவரின் கதையைப் பறிக்காதீர்கள். 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் போன 94 குழந்தைகளைப் பேய்களாக்கி ஒரு கதை வந்தபோது நான் மறுத்துவிட்டேன். அவர்களைப் பெற்றவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். அந்தக் குழந்தைகளை வைத்து யாரையும் பயமுறுத்தக் கூடாது.

தோற்றத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். வெள்ளைப் புடவை, கொலுசு, மல்லிகை வாசம் எல்லாம் தேய்ந்துவிட்டன. நள்ளிரவையும் விட்டுவிடலாம். உச்சி வேளையில் தனியாகப் போகாதே என்றுதானே பாட்டிகள் சொன்னார்கள்? ஆளரவம் இல்லாத பகல் பன்னிரண்டு மணி வெயிலுக்கு உள்ள பயம் வேறு. பேய்க்குக் கால் தரையில் படாது என்பதும் யோசித்துப் பயன்படுத்த வேண்டியது. நளவெண்பாவில் தமயந்தி, தேவர்கள் நடுவே நளனை அடையாளம் காண்பது அவன் கால் தரையில் படுவதாலும், கண் இமைப்பதாலும், மாலை வாடுவதாலும்தான். அதாவது தரையில் படாத கால் நம் மரபில் தெய்வத்துக்கும் அடையாளம். எதிரே நிற்பது பேயா தெய்வமா என்று பிள்ளைக்கு உடனே தெரியாமல் போவது எவ்வளவு நல்ல இடம்.

அந்தக் குழப்பம் வெறும் கதை உத்தி இல்லை. நம் ஊர்களில் அநியாயமாகச் செத்தவர்கள் பலர் சாமி ஆகியிருக்கிறார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்து, மாடு கவர்ந்தவர்களோடு சண்டையிட்டு மாண்ட முத்துப்பட்டன் இன்று பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் வழிபடப்படுகிறான். வில்லுப்பாட்டில் அவன் கதையைப் பாடுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் மந்திரம் சொல்லிப் பேயை விரட்டுவதும், வெள்ளை ஒளிக்குள் அனுப்பி வைப்பதும் எங்கிருந்தோ வந்த முடிவுகள். இந்த மண்ணில் இறந்தவர் கேட்பது வேறு: தன் கதை சொல்லப்பட வேண்டும், தனக்கென்று ஓர் இடம் வேண்டும்.

பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் தூண், மேலே படுக்கையாக ஒரு பலகைக் கல். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்குப் பதிலாக, வழிப்போக்கர்கள் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறுவார்கள். சாலையை அகலப்படுத்தும்போது பல இடங்களில் பெயர்த்துப் போட்டுவிட்டார்கள். போன மாதம் ஒரு மாணவி எழுதிக்கொண்டு வந்த கதையில், அப்படிப் பெயர்த்துப் போட்ட கல்லின் பக்கத்தில் ஒரு பெண் நிற்பது பள்ளிக்கூட வேனில் போகும் பையனுக்கு மட்டும் தெரிகிறது. அவனுக்குப் பயம் போக ஆறு அத்தியாயம் ஆகிறது. கடைசியில் அவன் புத்தகப் பையை அந்தக் கல்மேல் இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறான். அந்தப் பக்கத்தில் நான் ஒரு எழுத்தையும் திருத்தவில்லை.