கோல்ட் 1860 ஆர்மி: முதல் பழைய ரிவால்வர் வாங்குறது எப்படி?

பழைய ராணுவ ரிவால்வர் சேர்க்க ஆசைப்படுறவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது கோல்ட் 1860 ஆர்மிதான். அமெரிக்க உள்நாட்டுப் போர்ல வடக்குப் படையோட முக்கியமான கைத்துப்பாக்கி இது, .44 காலிபர் (குழல் துளையோட அளவு), 8 இன்ச் பேரல் (குழல்), ஆறு குண்டு, 1873 வரைக்கும் கிட்டத்தட்ட 2 லட்சம் செஞ்சிருக்காங்க, அதனால இன்னைக்கும் அமெரிக்காவுல ஏலத்துல கிடைக்குது.

மொதல்ல சட்டம். அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி 1898லயோ அதுக்கு முன்னாடியோ செஞ்சதுன்னா ஆன்டிக் (பழம்பொருள்), ஆனா மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், வேற நாட்டுல இருந்தா அங்க கேட்டுட்டு அப்புறமா பணத்தைப் பத்தி யோசிங்க.

கையில எடுத்ததும் லோடு இருக்கான்னு பாக்கணும். 150 வருஷம் கழிச்சும் உள்ள மருந்தும் குண்டும் அப்படியே இருக்குற பீஸ் நெறைய வருது, அந்தக் கருமருந்து இன்னும் வெடிக்கும். சந்தேகம் இருந்தா நீங்க நோண்டாதீங்க, கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) குடுத்துடுங்க.

அடுத்து சீரியல் நம்பர், இதுதான் ரொம்ப முக்கியம், இங்க அவசரமே படாதீங்க. பேரலுக்கு அடியில, ஃப்ரேம்ல (நடு உடம்பு), ட்ரிகர் கார்டுல (விசையைச் சுத்தி இருக்குற வளையம்), கைப்பிடியோட அடிப்பட்டையில, சிலிண்டர்லன்னு (குண்டு போடுற உருளை) ஒரே நம்பர் திரும்பத் திரும்ப இருக்கும். பேரலைப் பிடிச்சு வச்சிருக்குற ஆப்புலயும் இருக்கும், ஆனா அது தொலைஞ்சு மாத்துறது சகஜம், அதுக்காக நல்ல பீஸை விட்டுறாதீங்க. சிலிண்டர் நம்பர் வேறயா இருந்தா மட்டும் விலையைக் கண்டிப்பா கொறைச்சுக் கேளுங்க.

சிலிண்டரைச் சுத்தி ஒரு கடல் சண்டை படம் செதுக்கியிருக்கும், 1843 மே 16ல டெக்சாஸ் கப்பல்களும் மெக்சிகோ கப்பல்களும் மோதிக்கிட்டது. அது எவ்வளவு மிச்சம் இருக்கோ அவ்வளவு மதிப்பு. ராணுவம் வாங்குனதுன்னா மரக் கைப்பிடி ரெண்டு பக்கமும் இன்ஸ்பெக்டர் முத்திரை (சோதிச்சுப் பாத்த அதிகாரியோட முத்திரை), பாகங்கள்ல குட்டி எழுத்து இருக்கும். முத்திரை தேஞ்சு மங்கிப் போயிருந்தா பரவாயில்ல, சுத்தி இருக்குற மரம் தேஞ்சிருக்க முத்திரை மட்டும் புத்தம்புதுசா இருந்தா உஷார்.

அதே மாதிரி துருக்குழிக்கு உள்ளயும் நீலப் பூச்சு இருந்தா அது பின்னாடி யாரோ பூசுனது. இத்தாலியில செஞ்ச ரெப்ளிகாவும் (நகல்) நெறைய இருக்கு, அதுல இத்தாலி ப்ரூஃப் முத்திரை (சுட்டுச் சோதிச்சதுக்கான அடையாளம்) இருக்கும், அதை அரத்தால தேச்சு எடுத்துட்டு பழசுன்னு விக்கிறவங்களும் இருக்காங்க, அதனால பேரல் அடிப்பக்கத்தை லென்ஸ் வச்சு நல்லா பாருங்க. இது மருந்தையும் குண்டையும் தனித்தனியா போடுற துப்பாக்கி, ஆனா 1870கள்ல ரெண்டும் சேர்ந்த தோட்டா போடுற மாதிரி மாத்துன பீஸ் வந்தா போலின்னு ஒதுக்காதீங்க, கோல்ட் கம்பெனியே அப்படி மாத்திக் குடுத்திருக்கு.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் தயவுசெஞ்சு பாலிஷ் போடாதீங்க! அந்தப் பழுப்பு நிறம் ஒன்றரை நூற்றாண்டுல தானா வந்தது, ஒருதடவை தேச்சா திரும்ப வராது. சிவப்பா பொடியா உதிர்ற துரு இருந்தா மட்டும் எண்ணெய் தொட்டு மெதுவா எடுங்க. தோல் உறைக்குள்ள வைக்கவே கூடாது, ஈரத்தை இழுத்து இரும்பை அரிச்சிடும், உறையைத் தனியா வைங்க.