போக்கரில் எதிர்பார்ப்பு மதிப்பு: புளியங்கொட்டை வைத்துக் கற்றுக்கொள்வோம்

மன்னார்குடிப் பக்கத்துத் திண்ணைகளில் ரம்மி ஆடிப் பழகியவர்கள் போக்கருக்கு வந்தால், "அந்தச் சீட்டு வருமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதோடு "எவ்வளவு வைத்தால் எவ்வளவு கிடைக்கும்?" என்றும் கேட்க வேண்டும். குறுவை நடும்போது கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்பதை மட்டுமா பார்க்கிறோம்? நடவுக்கூலியையும் நெல் விலையையும் சேர்த்துத்தானே முடிவெடுக்கிறோம்!

பணம் வேண்டாம், புளியங்கொட்டை போதும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025-இல் ஒன்றியச் சட்டம் தடை செய்துவிட்டது. கணக்குப் பழகக் கொட்டையே நல்லது.

முதல் படி: தெரியாத சீட்டுகளை எண்ணுங்கள். டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டம்: ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு. உங்கள் கையில் ஆட்டின் (ஹார்ட்) ஏஸ், ஆட்டின் 8. நடுவில் ஆட்டின் ராஜா, ஆட்டின் 5, கிளாவர் 9, ஸ்பேட் 2. இன்னும் ஒரு சீட்டு விழ வேண்டும். 52-இல் 6 தெரியும், 46 தெரியாது.

அடுத்து, உதவும் சீட்டுகள். ஆட்டின் மொத்தம் 13. நான்கு வெளியே வந்துவிட்டதால் மீதி 9. இன்னொரு ஆட்டின் விழுந்தால் ஃப்ளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. அது விழுந்தால் ஜெயிப்பு, இல்லையென்றால் தோல்வி என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

மூன்றாவதுதான் உயிர்நாடி. நடுவில் பந்தயமாகச் சேர்ந்த குவியலில் 80 கொட்டை, எதிராளி 20 வைக்கிறார், ஆக 100. தொடர நீங்களும் 20 வைக்க வேண்டும். இதே நிலை 46 முறை வருவதாகவும், ஒவ்வொரு சீட்டும் ஒருமுறை விழுவதாகவும் நினையுங்கள். 9 முறை ஜெயித்தால் 900 வரவு, 37 முறை தோற்றால் 740 செலவு. மிச்சம் 160. அதை 46-ஆல் வகுத்தால் சுமார் 3.5. ஒரு முறைக்குச் சராசரியாகக் கிடைக்கும் அதுதான் எதிர்பார்ப்பு மதிப்பு. கூட்டல் பக்கம் இருப்பதால் தொடரலாம். ஐந்தில் நான்கு முறை தோற்கத்தான் செய்வீர்கள், ஆனாலும் முடிவு சரி.

இப்போது விலையை மாற்றுங்கள். குவியல் 70, எதிராளி 30 வைக்கிறார். வரவு அதே 900, செலவு 37 × 30 = 1110. ஒவ்வொரு முறையும் சராசரியாக 4.6 கொட்டை போகும். சீட்டை மடக்கிவிடுங்கள். "ஏற்கெனவே இவ்வளவு வைத்துவிட்டேனே" என்று தோன்றும். குவியலுக்குள் போனது இனி உங்களுடையதில்லை, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இது கைவந்ததும் உதவும் சீட்டுகளைக் கறாராக எண்ணுங்கள். எதிராளி கையில் இரண்டு 9 இருந்து, நடுவில் உள்ளதோடு மூன்றானால், ஆட்டின் 2 விழும்போது அவருக்கு ஃபுல் ஹவுஸ் (மூன்று 9, இரண்டு 2) அமையும், உங்கள் ஃப்ளஷ் தோற்கும். ஆட்டின் 9-உம் உதவாது: ஒன்று அது அவர் கையிலேயே இருக்கும், இல்லையென்றால் விழும்போது அவருக்கு நான்கு 9 ஆகிவிடும். அந்த இரண்டு சீட்டையும் கழித்து 7 என்று போட்டால், 20 கொட்டைக்கான 3.5 லாபம் நஷ்டமாக மாறிவிடும்.