வயலில் எத்தனை எலி? பிடித்து, குறியிட்டு, விட்டு எண்ணும் முறை

கூண்டில் விழுந்த எலிகளை எண்ணினால் எத்தனை பிடிபட்டன என்று மட்டும்தான் தெரியும். வயலில் எத்தனை வாழ்கின்றன என்று தெரிய, குறியிட்டு விட்டு மறுபடி பிடிக்க வேண்டும். நெல்வயல், மானாவாரி நிலம் இரண்டிலும் இதைச் செய்யலாம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு கூண்டுகூட வைக்காதீர்கள்.

படி 1: வளை யாருடையது?

மாலையில் எல்லாத் துளைகளையும் மண்ணால் அடைத்துவிட்டு, காலையில் திறந்திருப்பவற்றை எண்ணுவது வழக்கம். மேட்டு நிலத்தில் பல வாய் வைத்து வளை தோண்டும் வெள்ளெலிக்கு இது சரி. வரப்பெலிக்குத் தலைகீழாகச் செய்யுங்கள். அது தானே வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். வெளியே புதுமண் குவிந்திருக்கும். அந்த அடைப்பை நீங்கள் திறந்துவிட்டு, காலையில் ஈரமண்ணால் மறுபடி அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடைபட்டிருந்தால் உள்ளே எலி இருக்கிறது.

வரப்பெலி தன் வளைக்குள் இன்னொன்றைச் சேர்க்காது. தாயும் குட்டிகளும் இருக்கும் காலம் தவிர, பெரும்பாலும் வளைக்கு ஒரு வளர்ந்த எலிதான். ஒரே வளைக்குப் பல வாய்கள் இருக்கும் என்பதால் துளைகளை எண்ணாமல் வளைகளை எண்ணுங்கள்.

படி 2: கூண்டு

வெள்ளெலி, புல் எலி, வயல் சுண்டெலிக்கு மடக்கக்கூடிய அலுமினிய ஷெர்மன் கூண்டு (23 × 9 × 7.5 செ.மீ.) போல வேறில்லை. மிதிபலகையின் இறுக்கத்தைச் சுண்டெலிக்கு ஏற்றபடி தளர்த்துங்கள். இறுக்கமாக இருந்தால் 10 கிராம் எடைகூட இல்லாத எலி தீனியைத் தின்றுவிட்டு நடந்து போய்விடும். வரப்பெலிக்குக் கம்பிவலைக் கூண்டுதான்.

படி 3: கட்டம்

10 மீட்டர் இடைவெளியில் 7 × 7 முளைகள் (அடையாளக் குச்சிகள்), ஒவ்வொன்றிலும் ஒரு கூண்டு. முளைகளுக்கு எண் எழுதுங்கள். முளையிலிருந்து ஒரு மீட்டருக்குள் எலித்தடம் இருந்தால் கூண்டை அதன் மேல் வையுங்கள்.

முதல் இரண்டு இரவு கதவைத் திறந்தே கட்டிவைத்து, தீனி மட்டும் போடுங்கள். எலி புதுப்பொருளைக் கண்டு மிரளும். இந்த இரண்டு இரவில் பழகிவிடும். தீனிக்கு வறுத்து இடித்த வேர்க்கடலையும் கேழ்வரகு மாவும் போதும். வெல்லம் சேர்த்தால் எறும்பு வரும். எறும்பு மொய்த்தால் கூண்டில் அடைபட்ட எலி தப்ப வழியின்றிச் செத்துப்போகும். கருவாட்டுக்குப் பூனையும் கீரியும் வந்து கூண்டை உருட்டிவிடும்.

மாலை 5 மணிக்குக் கதவை இயக்கிவிட்டு, காலை 7 மணிக்குள் எல்லாவற்றையும் பார்த்து மூடிவிடுங்கள். வெயில் ஏறினால் அலுமினியம் அடுப்பாகிவிடும். மார்கழிக் குளிரில் கைப்பிடி வைக்கோல் உள்ளே வையுங்கள்.

படி 4: குறியிடுதல்

கையுறை கட்டாயம், எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். கூண்டின் வாயைத் துணிப்பையில் பொருத்தி எலியை உள்ளே இறக்கி, பையோடு எடை பாருங்கள். பிறகு இனம், ஆணா பெண்ணா, முளை எண். வண்ணம் பூசினால் ஈரவயலில் நிற்காது. கத்தரியால் மேல்முடியை வெட்டுங்கள்: தோள், விலா, இடுப்பு, இருபுறமும் சேர்த்து 6 இடங்கள். ஓரிடத்தில் மட்டும் வெட்டினால் 6 அடையாளம், இரண்டிடத்தில் வெட்டினால் 15; ஆணுக்கு 21, பெண்ணுக்கு 21 கிடைக்கும். விரல் நறுக்கும் பழைய முறையைத் தொடவே வேண்டாம்.

பிடித்த அதே முளையில் விடுங்கள். சோம்பல்பட்டு ஒரே இடத்தில் கொட்டினால், அடுத்த எலியின் எல்லைக்குள் விழுந்து கடிபடும், கட்டத்தை விட்டே ஓடும், கணக்கும் கெடும்.

படி 5: கணக்கு

இரண்டு இரவு குறியிடுங்கள், அடுத்த இரண்டு இரவு மறுபடி பிடியுங்கள். ஒவ்வோர் இனத்துக்கும் தனிக் கணக்கு. உதாரணம்: குறியிட்டவை 18, இரண்டாம் சுற்றில் பிடிபட்டவை 20, அவற்றில் குறியுள்ளவை 9. இவற்றிலிருந்து மொத்த எலிகளை மதிப்பிடும் சாப்மன் வாய்பாடு:

(18+1) × (20+1) ÷ (9+1) − 1 = 38.9. அதாவது 39 எலி.

அடுத்து, எவ்வளவு நிலத்தில் 39? பலர் சறுக்குவது இங்கேதான். முளைகளுக்குள் இருக்கும் நிலம் 60 × 60 மீ., அதாவது 0.36 ஹெக்டேர். அதால் வகுத்தால் ஹெக்டேருக்கு 108. ஆனால் ஓரத்துக் கூண்டில் விழும் எலிகளின் நடமாட்டப் பரப்பு பாதிக்கு மேல் வெளியே கிடக்கிறது. ஆகவே, ஒன்றுக்கு மேற்பட்ட முறை பிடிபட்ட ஒவ்வோர் எலிக்கும், அது விழுந்த முளைகளுக்கு இடையே உள்ள மிக அதிக தூரத்தை அளந்து சராசரி எடுங்கள். சராசரி 30 மீட்டர் என்றால், அதில் பாதி, 15 மீட்டர், கட்டத்தைச் சுற்றிச் சேருங்கள். மூலைகளை வளைத்துக் கணக்கிட்டால் பரப்பு 0.79 ஹெக்டேர். இப்போது ஹெக்டேருக்கு 49. அதே எலிகள், அதே கூண்டுகள், எண்ணிக்கை பாதிக்கும் கீழே. பரப்பை எப்படி எடுத்தோம் என்று சொல்லாத அறிக்கையை நம்பாதீர்கள்.

பின்சேர்க்கை: காலையில் ஏறக்குறைய எல்லாக் கூண்டும் நிறைந்திருந்தால் மகிழ வேண்டாம். வலுத்த எலிகள் முந்திக்கொண்டு விழுந்திருக்கும், எளியவை வெளியே நின்றிருக்கும். முளைக்கு இரண்டு கூண்டு வையுங்கள். குறியுள்ளவை 7-க்குக் குறைவாகத் திரும்பினால் வாய்பாட்டின் விடையைப் பயன்படுத்தாமல் இன்னும் ஓரிரு இரவு கூண்டு போடுங்கள்.