பர்லாங்னா எவ்வளவு தூரம், எப்படி கணக்கு போடுறது?

இங்கிலாந்து குதிரை ரேஸ் பாத்தீங்கன்னா தூரத்த இன்னமும் மைல், பர்லாங்லதான் சொல்றாங்க, இந்தியாவுல இப்ப மீட்டர் கணக்குதான். ஒரு பர்லாங் 220 கஜம், சுமாரா 201 மீட்டர், எட்டு சேந்தா ஒரு மைல். அதனால அஞ்சு பர்லாங்க ஒரு கிலோமீட்டர்னு வச்சுக்கோங்க, மனக்கணக்கு சட்டுனு வந்துரும். அமெரிக்காவுல நடக்குற கென்டக்கி டெர்பி குதிரை ரேஸ் பத்து பர்லாங், அப்ப ரெண்டு கிலோமீட்டர், அவ்ளோதான்.

வார்த்தையே உழவுலேர்ந்து வந்தது, ஏர்மாடு நிக்காம ஒரே மூச்சுல உழுற சாலோட நீளம், எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் இது.

எங்க தாத்தா "கோயில் ரெண்டு பர்லாங்தான், நடந்துரலாம்டா"ம்பாரு. பேச்சுல அப்படி நடக்குற தூரத்துக்குத்தான் சொல்லணும், ஊர் விட்டு ஊர் போறதுக்கு பொருந்தாது.